வேலுசாமிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி

பிறர் கூட்டத்தில் காட்டப்போகும் ஸ்லைடுகளைச் செய்து கொடுப்பவனுக்குப் பாதி வேலை வரைவது, மீதி வேலை வரைந்ததை நகர்த்துவது. தொண்ணூறுகளின் கடைசியில், காந்திபுரத்து மாடியறை ஒன்றில் நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். "இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க" என்ற வாக்கியத்தைக் கேட்டு நொந்திருக்கிறீர்கள் என்றால், நீங்களும் நம் ஆள்தான்.

மெர்சியின் விரல்

ஒரு நூற்பாலையின் பணியாளர் அட்டவணை வந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி, பிரிவுக்கு ஒரு நிறம், மொத்தம் நூற்றுக்கு மேல். ஒரு பிரிவை நகர்த்த, ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு அதன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரே குரூப்பாகக் கட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அது மட்டும் பின்தங்கி, வேறொரு பிரிவின் நடுவில் போய் நிற்கும். ஆலையின் பணியாளர் அதிகாரி சுந்தரராஜோ தினமும் ஆட்களை மாற்றினார். தினமும் அவிழ்த்து, தினமும் கட்டினோம்.

மூன்றாம் நாள் ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் பிரிவைச் சொல்லும் பெயர் வைத்துவிட்டால், ஒரே பிரிவுக்காரர்களைத் தேடிப்பிடித்துப் புரோகிராமே குரூப் கட்டி நகர்த்திவிடும். எங்கள் கடையில் மவுஸை வேகமாக ஓட்டுபவர் மெர்சி. பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பகல் முழுக்க என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு மில்லுக்குக் கட்டிப்போடுவனுங்க."

நகராத பெட்டி

திருத்தத் தாள்களைக் கொண்டுவருபவர் வேலுசாமி. ஐம்பதை நெருங்கியவர். நூல் அறாமலிருக்க ஆலைக்குள் காற்றை ஈரமாக வைத்திருக்கும் ஈரப்பத பிளான்ட்டுக்கு அவர் ஒருவர்தான் ஆள். பகல் ஷிப்ட் முடிந்து அன்னூர் பஸ் பிடிக்கக் காந்திபுரம் வருவதால், தாள் சுமப்பதும் அவர் தலையில் விழுந்திருந்தது. "நான் கெளம்புன பொறகு நூலு அறுந்துட்டே கெடக்குமுங்க" என்பார், யாரையும் குறை சொல்லாத குரலில்.

எழுதி முடித்த அன்று, தாளோடு வந்த அவர் முன்னால்தான் புரோகிராமை முதன்முதலாக ஓட்டினேன். பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கூடி, தம் இடத்துக்குப் போய் நின்றன. கடைசியில் ஒரு பிழைச் செய்தி வந்து எல்லாம் நின்றது. ஈரப்பத பிளான்ட் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. ஒற்றைப் பெட்டியைக் குரூப் கட்ட முடியாது, குறைந்தது இரண்டு வேண்டும் என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. ஒரே ஆள் இருக்கும் பிரிவுகளைப் புது எம்.டி. மூடப்போகிறார், அதற்குத்தான் இந்த அட்டவணை என்று ஆலையில் பேச்சு. வேலுசாமி திரையைத் தொடாமல் தன் பெட்டியை நோக்கி விரலை மட்டும் நீட்டினார். "ஏனுங் தம்பி, மிசினுக்கே தெரிஞ்சுபோச்சுங்களா?"

எல்லைக்கோடு இல்லாத ஆள்

ஒற்றையாக இருப்பதை விட்டுவிடு என்று புரோகிராமில் இரண்டு வரி சேர்ப்பதுதான் முறை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதை எழுதக் கை வரவில்லை. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வரைந்தேன். வெள்ளை நிறம், எல்லைக்கோடு கிடையாது. வெள்ளைப் பின்னணியில் யார் கண்ணுக்கும் படாது. அதற்கும் ஈரப்பத பிளான்ட் என்றே பெயர் வைத்தேன். புரோகிராம் திருப்தியாக இரண்டையும் சேர்த்துக் கட்டி, மற்றவர்களின் வரிசையில் கொண்டுபோய் வைத்தது.

வேலுசாமி பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு மெர்சி எட்டிப் பார்த்தார். "பக்கத்துல ஆரோ இருக்கறாப்ல ஒரு நெனப்பு இருந்தாப் போதுமாக்கும் உங்க புரோகிராமுக்கு!"

நீலம்

கூட்டத்தன்று கம்ப்யூட்டரையும் வாடகை புரொஜக்டரையும் ஆலைக்குத் தூக்கிப் போனேன். எம்.டி. வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு சுந்தரராஜ் கண்ணைச் சுருக்கினார். "வெள்ளை கூசுதுங்க, நீலம் போட்டுப்போடுங்க." போட்டேன். அந்த அவசரத்தில் வேறெதுவும் நினைவில் இல்லை.

பிரிவுகளின் ஸ்லைடு வந்தது. நீலச் சுவரில் வேலுசாமியின் மஞ்சள் பெட்டிக்குப் பக்கத்தில், எழுத்தில்லாத வெள்ளைப் பெட்டி பளிச்சென்று நின்றது. "இந்தக் காலிப் பொட்டி ஆருதுங்க?" என்றார் எம்.டி. என்னுடையது என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சுந்தரராஜ் என்னைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். "ரெண்டாவது ஷிப்ட் ஆளுதுங்க. இன்னும் போடலீங்க. நூல் அறுபடறதெல்லாம் அந்நேரந்தானுங்க" என்றார். எம்.டி. முன்னாலிருந்த ஷிப்ட் வாரியாக நூல் அறுபட்ட கணக்குத் தாள்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து அவர் கேட்டது இதுதான்: "அப்பறம் எதுக்குங்க இத்தன நாளாக் காலியாவே வெச்சிருக்கறீங்க?"

பெயர்

இரண்டு மாதம் கழித்து வேலுசாமி கையில் தாள் எதுவும் இல்லாமல் வந்தார். பழைய ஸ்லைடைத் திறக்கச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையை நோக்கி விரலை நீட்டினார். "அந்த வெள்ளப் பொட்டில பேரெழுதிப்போடுங்க தம்பி. ரெண்டாவது ஷிப்டுக்குத் தொண்டாமுத்தூர்க்காரரு ஒருத்தரு வந்துட்டாருங்க. என்னைய விட ரெண்டு வயசு மூத்தவரு, சொன்ன பேச்சே கேக்கறதில்லீங்க."

அந்தப் புரோகிராமைப் பிறகு எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன், ஒற்றைப் பெட்டியை விட்டுவிடச் சொல்லும் அந்த இரண்டு வரிகளை மட்டும் கடைசிவரை எழுதாததால், ஒற்றை ஆள் வந்த இடத்திலெல்லாம் அது பிழை காட்டிக்கொண்டேதான் இருந்தது.