காப்பாளர் கையெழுத்து

மார்ச் 4. உரிமம் புதுப்பிக்க மனு. 120.00
மார்ச் 27. பாஸ்போர்ட் கட்டணம். 650.00
ஏப்ரல் 1. மனு, இரண்டாம் முறை. 120.00
மே 6. மனு, மூன்றாம் முறை. 120.00
மே 19. விமான டிக்கெட்டுக்கு முன்பணம். 4,000.00
ஜூன் 3. மனு, நான்காம் முறை. 120.00
ஜூன் 10. முன்பணத்தில் திரும்பி வந்தது. 2,800.00

இந்தக் கணக்கை எழுதியவளுக்குப் பிரேக்கம்மா என்ற பெயரை வைத்தவர்கள் அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். ஓட்டுநர் பள்ளியின் காரில் கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும்; பக்கத்தில் உட்காரும் ஆசிரியரின் காலடியில் இன்னொன்று இருக்கும். மற்ற ஆசிரியர்கள் வண்டி கொஞ்சம் கோணினாலே தங்கள் பிரேக்கை மிதித்துவிடுவார்கள். இவள் மிதிக்க மாட்டாள். சுவர் ஒரு முழத் தூரத்துக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பிரேக் போடாத அம்மா" என்று யாரோ கண்ணை மூடிக்கொண்டு அலறியதுதான் தேய்ந்து பிரேக்கம்மா ஆனது. பத்தொன்பது வருடம் அந்தப் பள்ளியில் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தோரு வயதானபோது அந்தச் சட்டம் வந்தது. பெண்கள் ஓட்டுநர் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புது உரிமமோ புதுப்பித்தலோ, மனுவில் காப்பாளர் கையெழுத்து வேண்டும். காப்பாளர் என்றால் தந்தை, கணவன், சகோதரன், மகன், இவர்களில் ஒருவர். வீட்டு வாடகைப் பத்திரத்துக்கும் அதே கையெழுத்து, பாஸ்போர்ட்டுக்கும் அதே.

அவளுக்கு இருந்த ஒரே ஆண் உறவு தம்பி. ஒன்பது வருடமாக வெளிநாட்டில் குளிர்பதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறான். முதல் இரண்டு வருடமும் படிவத்தைத் தபாலில் அனுப்பினாள், அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். மூன்றாம் வருடம் பிப்ரவரியில் அவனே போன் செய்தான்.

"அக்கா, இந்தத் தடவை ஃபார்ம் அனுப்பாத."

"ஏன், பேனாவுல மை தீர்ந்துபோச்சா?"

"விளையாடாத. நான் போட மாட்டேன். நீ கிளம்பி இங்க வந்துடு."

"அங்க வந்து என்னடா பண்றது?"

"கார் ஓட்டு. நாலு பேருக்குக் கத்துக்குடு. உன் பேருல வீடு எடு. தோணினப்ப வெளிய போய் ஐஸ்கிரீம் சாப்பிடு. இங்க யாரும் யாரையும் கேக்கறதில்ல. உன் கையெழுத்துதான் உனக்கு."

"எனக்குப் பல் கூச்சம்."

"அக்கா!"

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மூன்று வருட வாடகைப் பத்திரம் தபாலில் எங்கோ மாட்டிக்கொண்டது. அறையின் சொந்தக்காரர் அதைப் பூட்டிவிட்டார். பத்திரம் வந்து சேரும்வரை பிரேக்கம்மா ஓட்டுநர் பள்ளியின் ஆபீசில், சாலைக் குறியீட்டுப் பலகைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தாள். அதைக் கேட்ட நாள் முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் அக்கா அங்கேயே கிடப்பாள், நிறுத்தினால் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டான்.

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, காப்பாளர் கையெழுத்து இல்லாத எதிர்ப்பு மனுக்களை உரிம அலுவலகம் வாங்கும் நாள். காப்பாளர் என்ற கட்டத்தில் அவள் தன் பெயரையே எழுதி, தன் கையெழுத்தையே போட்டுக் கொடுத்தாள். வீரம் ஒன்றும் இல்லை. வேறு யார் பெயரை எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடவே தன் பயிற்சிச் சான்றிதழின் அசலையும் இணைத்தாள். படிவம் திரும்பி வந்தது. சான்றிதழ் கோப்பில் தங்கிவிட்டது.

உரிமம் இல்லாமல் பள்ளிக் காரில் உட்கார முடியாது. பள்ளி முதலாளி ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். அவர் முன்னறையில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, பழைய லாரி ஸ்டியரிங் ஒன்றைக் கம்பியில் மாட்டி, தரையில் மூன்று செங்கல் வைத்துக் கொடுத்தார். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். அதில் பிரேக்கம்மா பாடம் நடத்தினாள்.

"பெட்ரோல் செலவு மிச்சம்," என்றார் முதலாளி. "ஆனா ஹாரனை வாயால அடிக்கச் சொல்லாதம்மா. பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வர்றாரு."

சம்பளம் பாதியானது. அவருக்கும் கட்டுப்படியாக வேண்டுமே.

இந்த நேரத்தில் தம்பி பாஸ்போர்ட் படிவத்தை அனுப்பச் சொன்னான். ஒரு வாரத்துக்குள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. செங்கல் மேல் கால் வைத்துக் கற்றுக்கொண்டிருந்த தையல்காரி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"போறதுக்குன்னா கை ஓடுது, இருக்கறதுக்குன்னா கை வலிக்குதா உங்க தம்பிக்கு?"

"உன் வீட்டுக்காரர் எப்படி?"

"அவருக்குக் கை நல்லாத்தான் இருக்கு. சண்டை வந்தா கையெழுத்தை வாபஸ் வாங்கறேம்பாரு. சமாதானமானா மறுபடியும் போடுவாரு. வருஷத்துக்கு ஒருதரம்னு கவர்மெண்ட் சொல்லுது, எனக்கு மாசத்துக்கு ரெண்டு தரம்."

பிரேக்கம்மாவுக்குப் போகும் ஆசை இல்லாமல் இல்லை. ஏப்ரலில் இரண்டாம் மனு திரும்பியது, மே மாதம் மூன்றாவது. தம்பி அனுப்பிய புகைப்படத்தில் அகலமான தெருவில் ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனாள். வேறு யாரையோ படம் எடுக்கப்போய்த் தற்செயலாக அதில் பதிந்துவிட்ட பெண் அவள். அந்தப் படத்தை அவள் அடிக்கடி எடுத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் விசேஷமாக எதுவும் இல்லை. காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். அதுதான் பிரேக்கம்மாவின் மனதைக் கரைத்தது. மே பத்தொன்பதாம் தேதி டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து முதலாளியிடம் சொன்னாள்.

"போம்மா," என்றார் அவர். "என்னை யாராவது கூப்பிட்டிருந்தா நான் எப்பவோ போயிருப்பேன். வர்ற கடுதாசியெல்லாம் வண்டி வரி கட்டச் சொல்லித்தான் வருது."

ஜூன் மூன்றாம் தேதி உரிம அலுவலகத்துக்குப் போனது மனு கொடுக்க அல்ல. கோப்பில் கிடந்த சான்றிதழைத் திரும்ப வாங்கப் போனாள். போகிற இடத்தில் வேலை தேட அது வேண்டும். எதிர்ப்பு மனுக்களை வாங்கும் கவுண்டரில் இருந்தவர் சாதுவான மனிதர். பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

"வெளிநாடு கிளம்பறீங்களா? ரொம்ப சந்தோஷம்மா. முன்னாடியே சொல்லியிருந்தா உங்களை இவ்வளவு அலைய விட்டிருக்க மாட்டேன்."

கோப்பைத் திறந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்தார். மையில் ஒற்றி, சரியாக இருக்கிறதா என்று முதலில் ஒரு வெற்றுத்தாளில் அடித்துப் பார்த்தார். 'மனுதாரர் நாட்டில் இல்லை. முடிக்கப்பட்டது.' எழுத்துகள் பாதிதான் விழுந்தன.

"என்னங்க, இவ்வளவு தேஞ்சுபோயிருக்கு?"

"ரெண்டு வருஷமா இதுக்குத்தாம்மா வேலை. எதிர்த்து மனு போடறவங்க யாரு? நாலு எழுத்து படிச்சவங்க, வெளியில சொந்தக்காரங்க இருக்கறவங்க. ரெண்டு தரம் போடுவாங்க, மூணு தரம் போடுவாங்க, அப்புறம் கிளம்பிடுவாங்க. புது ஸ்டாம்ப் கேட்டு எழுதியிருக்கேன்."

"கிளம்பாதவங்க?"

"அவங்க எப்படியாவது ஒரு கையெழுத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுவாங்க."

"கையெழுத்தும் வாங்காம, கிளம்பவும் செய்யாம இருந்தா? அதுக்கு எந்த ஸ்டாம்ப்?"

அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"இல்லைம்மா. அப்படி இதுவரைக்கும் யாரும் வரலை."

பின்னால் வரிசை நின்றது. பிரேக்கம்மா அந்த வெற்றுத்தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அரைகுறை எழுத்துக்குள் எத்தனை பேர் போயிருப்பார்கள்! அவர்கள் யாரும் தப்புச் செய்யவில்லை. எல்லோரும் நல்லபடியாக, அந்தப் புகைப்படத்துப் பெண் மாதிரி, எங்கோ காய்கறி வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இங்கே ஒரு கோப்புகூட முடிவு கேட்டு உயிரோடு இல்லை.

"என் கோப்புல இன்னும் அடிக்கலையே?"

"இதோ அடிச்சுடறேன்."

"வேண்டாம். சான்றிதழை உள்ள வெச்சுடுங்க. புது ஃபார்ம் ஒண்ணு குடுங்க."

தம்பி போனில் குதித்தான்.

"பைத்தியமாக்கா உனக்கு? நீ ஒருத்தி நின்னு சட்டத்தை மாத்திடுவியா?"

"மாத்த மாட்டேன். அந்த ஆபீஸ் கவுண்டர்காரர்கிட்ட எனக்குன்னு ஒரு ஸ்டாம்ப் இல்லைடா. அதைச் செய்ய வைக்கிறேன்."

"உன் வாழ்க்கை போயிடும் அங்க. புரியுதா? நான் உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்!"

"தெரியும். நீ போனது தப்புன்னு நான் என்னிக்காவது சொன்னேனா? ஆனா சுதந்திரமா இரு, சுதந்திரமா இருன்னு சொல்லிக்கிட்டே பக்கத்து சீட்டுல உக்காந்து நீயும் பிரேக்கை மிதிக்கிற பாரு, அதான் எனக்குச் சிரிப்பா வருது."

அவன் போனை வைத்துவிட்டான். ஐந்து மாதம் பேசவில்லை.

ஜூலையில் தையல்காரியும் கூட வந்தாள். கணவன் போட்டிருந்த கையெழுத்தைக் குறுக்கே அடித்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். வீட்டில் அதற்கு என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "ரெண்டு நாள் சமைக்கலை, அவ்வளவுதான்," என்றாள். யார் சமைக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. ஒருத்தி இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். அக்டோபரில் மொத்தம் பதினொரு பேர். மாதத்தின் முதல் செவ்வாயில் அவர்கள் வருவது வழக்கமாகிவிட, கவுண்டர்காரர் எங்கிருந்தோ ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். பாதிச் சம்பளம் போதாமல் பிரேக்கம்மா மாலையில் தையல்காரியின் கடையில் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். கோணலாகத் தைத்ததைத் தையல்காரி வாய்விட்டுத் திட்டினாள்.

நவம்பரில் தம்பியிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே உரிமப் படிவம். காப்பாளர் கட்டத்தில் அவன் கையெழுத்து. அதைக் கொடுத்தால் மறுநாளே காரில் ஏறிவிடலாம். முழுச் சம்பளம் வரும். அவள் அதைத் தையல்காரியிடம் காட்டினாள்.

"குடுத்துடுங்கக்கா," என்றாள் தையல்காரி. "உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்கும் பொத்தான் ஒழுங்கா இருக்கும்."

அவள் கேலிதான் செய்தாள். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு செய்தாள். பிரேக்கம்மா படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மூன்று நாள் அது பையிலேயே இருந்தது. முதல் செவ்வாய் வந்தது. பதினொரு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் முறை வந்தபோது தன் கையெழுத்துப் போட்ட படிவத்தைத்தான் நீட்டினாள். வீட்டுக்கு வந்து தம்பியை அழைத்தாள்.

"ஃபார்ம் வந்துச்சு. கையெழுத்து நல்லா அழகா போட்டிருக்க. ஆனா நான் குடுக்கலை."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்டா அனுப்பின?"



"நான் போடாததால நீ நிக்கறேன்னு இருக்கக் கூடாதுல்ல. குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டமா இருக்கணும். அதுக்குத்தான்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் அவள்.

ஜனவரியில் மேல்மாடி அதிகாரி பதினொரு பேரையும் ஒவ்வொருவராக விசாரித்தார். பிரேக்கம்மாவிடம், உறவில் ஆண் யாரும் இல்லையா என்று கேட்டார்.

"தம்பி இருக்கான் சார். தங்கமான பையன். அவன் கையெழுத்து வீட்டுல இருக்கு."

"அப்புறம் ஏம்மா இந்தப் பாடு?"

"வண்டி ஓட்டறது நானாச்சே சார்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சட்டம் மாறவில்லை. பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து கடிதங்கள் ஒன்று இரண்டாக வந்தன. ஆறு பேருக்கு மறுப்பு. தையல்காரியையும் சேர்த்து நான்கு பேருக்கு, காரணம் எதுவும் சொல்லாமல், ஒரு வருடத்துக்கு உரிமம். அவற்றில் காப்பாளர் கட்டத்தில் எந்தப் பெயரும் இல்லை. ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். மறுக்கப்பட்ட ஆறு பேரும் மார்ச் முதல் செவ்வாய்க்குப் புதுப் படிவம் வாங்கி வைத்தார்கள். தன் கடிதம் எப்படி வந்தாலும் அவர்களோடு போவதாகப் பிரேக்கம்மா சொல்லியிருந்தாள்.

அவளுடையதுதான் கடைசிக் கடிதம். உறைக்குள் உரிமம் இருந்தது, காப்பாளர் கட்டத்தில் கோடு இருந்தது. அது வந்து சேர்ந்த தேதி பிப்ரவரி 17; மார்ச் முதல் செவ்வாய்க்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.