தொட்டிக்குள் பன்னிரண்டு க்யூப்

செண்பகம் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறவள். அன்று மட்டும் அப்படி இருக்க முடியவில்லை.

அடையாறில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் கான்கிரீட் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக உதவியாளர் வேலை. மாணவர்கள் வார்க்கும் கான்கிரீட் கட்டிகளை அச்சிலிருந்து கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது அவள்தான். க்யூப் என்பார்கள். ஒவ்வொன்றும் எட்டு கிலோ. இருபத்தெட்டு நாள் ஊறியபின் மெஷினில் வைத்து உடைத்து, எவ்வளவு பாரம் தாங்கியது என்று மாணவர்கள் எழுத வேண்டும்.

கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் பிறந்தவள். அங்கிருந்த வீடுகளை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஏழாவது மாடியைக் கொடுத்தார்கள். போன ஐப்பசி மழையில் கூரைப் பூச்சு பெயர்ந்து, படுத்திருந்த மகள் ஜோதிலட்சுமியின் தோளெலும்பு முறிந்தது. பார்க்க வந்த அரசு இன்ஜினியர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "டெஸ்ட் ரிப்போர்ட்ல எல்லாம் கரெக்டா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை. மேசையைத் துடைக்கும்போது மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு ஒன்று திறந்துகொண்டது. வெள்ளிக்கிழமையே பன்னிரண்டு க்யூபும் உடைக்கப்பட்டதாக எழுதியிருந்தது. கீழே பேராசிரியர் ராஜரத்தினம் கையெழுத்தும் போட்டிருந்தார். செண்பகம் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டும் முழுசாகத் தண்ணீருக்குள் கிடந்தன.

நோட்டை எடுக்க சித்தார்த்தன் என்ற மாணவன் வந்தான்.

"இன்னா தம்பி இது? க்யூபு தொட்டில கீது. நம்பரு எங்கேர்ந்து வந்துச்சு?"

"சீனியர் ரெக்கார்டுல பாத்து எழுதினதுக்கா. வருஷா வருஷம் அப்படித்தான்."

"அப்ப நான் இன்னாத்துக்கு இத்தத் தூக்கிக்கினு கீறேன்?"

அவன் சிரித்துவிட்டுப் போனான்.

ராஜரத்தினத்திடம் சொன்னாள். "நீ உன் வேலையப் பாரும்மா" என்று அவர் வகுப்புக்குக் கிளம்பினார். அதே மாணவர்களுக்கு அவர் அப்போது எடுக்கவிருந்த பாடம், பொறியாளரின் தொழில் அறம்.

செண்பகம் க்யூபுகளைத் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய், ஈரம் சொட்டச் சொட்ட வகுப்பறையில் அவர் மேசைமேல் வைத்தாள். நான்காவதை வைத்தபோது பாடம் நின்றது.

"எம் பொண்ணு தோள ஒடச்ச வூட்டுக்கும் எவனோ இப்டித்தான் குந்திக்கினு நம்பரு எழுதிக்கீறான். ஒடைங்க. எங் கண்ணு முன்னால ஒடைங்க."

"வெளியே போ" என்றார் ராஜரத்தினம். அவள் போகவில்லை. கடைசியில் சித்தார்த்தன் எழுந்து வந்து ஒரு க்யூபைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தான்.

பன்னிரண்டையும் உடைத்தார்கள். அதில் ஏழு, நோட்டில் எழுதிய பாரத்தில் பாதியைக்கூடத் தாங்கவில்லை. "கலக்கக் கஷ்டமா இருந்துச்சு, நான்தான் தண்ணி அதிகமா ஊத்தினேன், அதான் தாங்கல" என்றான் சித்தார்த்தன். பழைய எண்களை அடித்துவிட்டு உண்மையானதை எழுதினான். இன்னும் ஐந்து பேர் அப்படிச் செய்தார்கள். மற்ற பதினெட்டுப் பேரும் பொய்க் கணக்கையே கொடுத்தார்கள். ராஜரத்தினம் இரண்டு விதமான நோட்டிலும் கையெழுத்துப் போட்டார்.

செண்பகத்துக்குத்தான் மெமோ வந்தது. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், அவள் தரவில்லை. ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள்.

அங்கே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவளைச் சித்தார்த்தன் தேடி வந்தான். "சாரிக்கா."

"என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற? அந்தப் பதினெட்டு பேரும் வூடு கட்டப் போறானுங்க. அவனுங்களாண்ட போய்ப் பேசு."

அவள் அடுத்த மூட்டையைத் தூக்கக் குனிந்தாள்.