மருமகனை வேட்டைக்குக் கூட்டிப்போனேன்

என் மருமகனைச் சுடுவதற்கு வசதியான காடு தேடித்தான் நான் முதன்முதலில் ஒரு வேட்டை வழிகாட்டிக்குப் போன் எடுத்தேன். இதை இப்படிப் பச்சையாக எழுத எனக்கு வெட்கமில்லை. அப்போது எனக்கு இருந்த கோபத்தை மறைத்துவிட்டு எழுதினால் மிச்சம் எல்லாமே பொய்யாகிவிடும்.

ஒக்லாந்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். வீடு கிளென்ஃபீல்டில். எங்களுக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்தது கிளென் ஈடனில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளும் மருமகனும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். தண்ணீர்ப் போத்தலை எடுக்க மகள் கையை நீட்டியபோது அவளுடைய சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டுக்கு மேலே நீலம் பாரித்துக் கிடந்தது. நாலு விரலும் ஒரு பெருவிரலும் தனித்தனியாகத் தெரிந்தன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். நான் கண்டேன். என் மனைவியும் கண்டாள். கண்டுகொண்டே அவள் சட்டிக்குள் பெரிய நண்டுக் காலாகத் தேடி எடுத்து மருமகனின் கோப்பையில் வைத்தாள். நான், "தம்பி, இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்று கேட்டேன்.

எங்கள் ஆட்களின் பிழை இதுதான். மருமகன் என்றால் அவருக்கு முதல் பந்தி, நல்ல துண்டு, நல்ல கதிரை. அவரிடம் ஒரு கேள்வி கேட்கக்கூடாது. பஸ்ஸில் நான் பொல்லாதவன். குடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையோடு சேட்டை விட்ட ஒருத்தனைக் கொலரில் பிடித்து இறக்கி, அதற்காக மேலாளரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மேசைக்கு எதிரே இருந்தவரிடம், "ஏன் தம்பி என்ரை பிள்ளைக்குக் கை நீட்டினனீர்?" என்று கேட்க எனக்கு நா எழவில்லை. ஒரு சொல் சொல்ல முடியவில்லை. சுட முடியும் என்று மட்டும் தோன்றியது.

அவர்கள் போன பிறகு, பிரிட்ஜில் இருந்த ஆட்டுத் தொடையை எடுத்துக் கத்தியால் கொத்தத் தொடங்கினேன். எலும்பு தெறித்துச் சுவரில் பட்டது. பலகை இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகும் கொத்தினேன். மனைவி வாசலில் நின்று, "இறைச்சியை வெட்டுறீங்களோ, வேறை ஆரையும் வெட்டுறீங்களோ?" என்று கேட்டாள். அவளுடைய கண் சிவந்திருந்தது.

"பொலிசுக்குச் சொல்லுவம்," என்றேன்.

"குசினிக்குள்ளை கேட்டுப் பாத்தனான், அவள் மாட்டன் எண்டுறாள். நாங்கள் சொன்னால் இரவைக்கு ஆருக்கு அடி விழும்? கோயிலிலை சனம் என்ன கதைக்கும்?"

வீட்டில் அடி வாங்குகிற பெண்கள் எந்த நம்பருக்குப் போன் எடுக்கவேண்டும் என்று போட்ட அறிவித்தல் என் பஸ்ஸிலேயே ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அதற்கு முன்னால் இருந்துதான் பஸ் ஓட்டினேன்.

வேட்டைக் கதையை எடுத்தது மருமகன்தான். அவருடைய வேலைத்தலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தான் சுட்ட கலைமானின் தலையைப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார். "ஒருக்கா நாங்களும் போகவேணும் மாமா," என்றார் அடுத்த முறை வந்தபோது. மகள் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "நான் ஒழுங்குபடுத்துறன் தம்பி," என்றேன். அன்றிரவு பல நாட்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அதன் பிறகு ஓய்வு நேரத்தில் பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டு, வழிகாட்டிகளுக்குப் போன் எடுப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. முதலில் பிடித்தவர் ஹெலிகொப்டரில் மலைக்குக் கொண்டுபோய் இறக்குகிறவர். குளிர் அறை, வைன், கொம்பைப் பாடம் பண்ணி வீட்டுக்கு அனுப்புவது என்று அடுக்கிக்கொண்டே போனார். துவக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் இல்லை என்றேன். அப்படியானால் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஒவ்வொருவருக்கும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நிற்கவேண்டும், இரண்டு பேருக்கு இரண்டு வழிகாட்டிகள் தருவேன், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக என்றார். அவருடைய பெயரை அந்த நிமிடமே வெட்டிவிட்டேன்.

அடுத்தவர் காட்டுப்பன்றிக்காரர். துவக்கே இல்லை. நாய்கள் பன்றியின் இரண்டு காதையும் கவ்விக்கொண்டு தொங்குமாம். ஆள் பின்னால் போய்ப் பின்னங்காலைத் தூக்கிப் புரட்டி, முன்னங்காலுக்குப் பின்னால் கத்தியை இறக்கவேண்டுமாம். இதயத்தில் பட்டால் கைப்பிடி துடிப்பது உள்ளங்கைக்குத் தெரியும் என்றார். அன்று பின்னேரம் முழுவதும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த என் உள்ளங்கையில் அது துடித்தது. பன்றியின் இடத்தில் யார் கிடந்தார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நிறுத்தத்தில் பிரேக்கை அழுத்திய அழுத்தில் ஒரு அம்மா சாமான் பையோடு விழப் பார்த்தார். ஆனால் பன்றிக்காரரோடு அவருடைய தம்பிமார் மூன்று பேரும் வருவார்களாம். அத்தனை கண் எனக்கு ஆகாது.

மூன்றாவது ஆள் தனி ஆள். ஹெலன்ஸ்வில்லுக்கு அப்பால் செம்மறிப் பண்ணை வைத்திருப்பவர், மான் காலத்தில் ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறவர். இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிப்போவேன், ஒருவர் மாறி ஒருவர் சுடலாம் என்றார். காட்டுக்குள் போன் வேலை செய்யுமா என்று கேட்டேன். செய்யாது. ஆளை ஆள் தெரியுமா? பற்றைக்குள் புகுந்தால் தெரியாது. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? தூரம்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த நாட்களில் உத்தியோகம் கேட்டேன், குறிப்புப் பொருத்தம் கேட்டேன், டொரொண்டோவில் இருக்கிற மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம்கூட விசாரித்தேன். ஆள் அடிப்பானா என்று கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வேட்டைக்கு அதைவிடத் திறமாக விசாரித்துவிட்டேன்.

"நான் பார்க்காத ஆட்களைப் பதிவுசெய்வதில்லை," என்றார் அவர். "முதலில் இரண்டு பேரும் பண்ணைக்கு வாருங்கள். சுட்டுக் காட்டுங்கள். பிடித்தால் நாள் தருகிறேன்."

உண்மையிலேயே சுட்டிருப்பேனா என்று கேட்டால், ஓம். காலில் வேர் தடக்கியது, கை இழுபட்டது, முதல் தடவை, வயது போன மனுஷன். பொலிசுக்கு இங்கிலீஷில் சொல்லவேண்டியதை வெறும் பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது சத்தம் போட்டுப் பாடமாக்கினேன். "ஐ ஸ்லிப்ட், ஒஃபீசர்." ஒவ்வொரு நாளும் குரலில் இன்னும் கொஞ்சம் நடுக்கம் சேர்த்தேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடி வந்தவன் நான்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மருமகனை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் புது வேட்டைச் சப்பாத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். வழிகாட்டி குட்டையான, கால் வளைந்த மனிதர். அரைக் காற்சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தார். கூடவே வயது போன ஒரு கறுப்புப் பெட்டை நாய், அவருடைய குதியோடு ஒட்டிக்கொண்டு நடந்தது.

தன் துவக்கைத் தந்து, குறி கீறிய மட்டையில் சுடச் சொன்னார். என் தோளில் துவக்கு அடித்த அடியில் பல்லுக் கிட்டிக்கொண்டது. ஆனால் குண்டு மட்டையில் பட்டது. மருமகன் சுட்டதெல்லாம் மண்ணில் போனது. முகம் கறுத்துவிட்டது. சரிவில் காட்டாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "என் புல்லை நாசமாக்குகிற சாமான்கள். ஆளுக்கு ஒன்று சுட்டுப் பாருங்கள்," என்றார் வழிகாட்டி.

மருமகன் சுட்டார். ஒரு ஆட்டின் இடுப்பு உடைந்தது. பின்பக்கம் முழுவதும் செத்துப்போக, முன்னங்கால் இரண்டாலும் நிலத்தைப் பிறாண்டிக்கொண்டு இழுபட்டது. பிள்ளை கத்துவது போலக் கத்தியது. வழிகாட்டி துவக்கைப் பறித்து ஒரே வெடியில் அதன் கத்தலை நிறுத்தினார். பிறகு அடுத்த குண்டை ஏற்றி என் கையில் தந்து, விசை தவறி அழுந்தாமல் தடுக்கிற பூட்டைக் காட்டி, தூரத்தில் நின்ற இன்னொரு ஆட்டைக் காட்டினார்.

நாய் போய்ச் செத்த ஆட்டை முகர்ந்தது. மருமகனும் அங்கே போனார். "உந்த நாய் குறுக்கை வந்ததாலைதான் தவறினது மாமா," என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அவர் சுட்டபோது நாய் எங்கள் காலடியில் கிடந்தது. அவர் புதுச் சப்பாத்துக் காலை ஓங்கி அதன் விலாவில் உதைத்தார். அது உருண்டு ஆட்டின் ரத்தத்தில் விழுந்தது. சத்தம்கூடப் போடவில்லை. எழும்பி, வாலை அடக்கிக்கொண்டு, உதைத்தவருடைய காலடிக்கே மெல்லத் திரும்பி வந்தது. அவர் மறுபடியும் உதைத்தார்.

வழிகாட்டி ஓடினார். என் பக்கத்தில் நிற்கவேண்டிய மனிதர், என் கையில் குண்டு ஏற்றிய துவக்கு இருப்பதையும் மறந்து ஓடினார். மருமகனின் கழுத்தில் பிடித்துக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, முகத்தை ரத்தச் சேற்றில் தேய்த்தார். நான் பூட்டைத் திறந்தேன். நான் தேடி அலைந்த இடம் அதுதான். பக்கத்தில் ஆள் இல்லை. அந்தச் சரிவிலும் போன் வேலை செய்யாது. விரல் விசையில் இருந்தது.

"மாமா, இவனைப் பிடியுங்கோ மாமா," என்று அடியில் கிடந்து அழுதார் மருமகன். வாய்க்குள் சேறு.

ஒரு நாயின் விலாவில் இரண்டு உதை. அதற்கு அந்த மனிதர் யாரிடமும் விசாரிக்கவில்லை, இடம் பார்க்கவில்லை, சனம் என்ன கதைக்கும் என்று நிற்கவில்லை. போய்க் கையைப் போட்டார். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. பூட்டைப் போட்டு, துவக்கைப் புல்லில் வைத்தேன்.

"டேய்," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. "எழும்படா. என்ரை பிள்ளையிலை வைச்ச கையை இவனிலை வையடா பாப்பம்."

அவன் எழும்பவில்லை. வழிகாட்டி மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். தமிழ் விளங்காவிட்டாலும் என் குரல் விளங்கியிருக்கும்.

"இவன் உன் மகனா?" என்று கேட்டார்.

"மகளின் புருஷன்."

அவர் நாயைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் நீ என்ன மயிருக்கு இங்கே நிற்கிறாய்?" என்றார். ஏறக்குறைய அதே சொல்லைத்தான் இங்கிலீஷில் சொன்னார்.

நாய்க்கு நடக்க முடியவில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய வாகனத்தில் கிடத்தினேன். ஆட்டு ரத்தமெல்லாம் என் சட்டையில் ஊறியது. பதிவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது மருமகன் பண்ணை வாசலை நோக்கி நொண்டிக்கொண்டு ஓடி வந்து கையைக் காட்டினான். நான் நிறுத்தவில்லை. அவன் எப்படி வீடு வந்து சேருவான் என்பது அவன் பாடு. அதற்குள் மகளை வெளியே எடுத்துவிடவேண்டும் என்பது மட்டுமே என் மண்டைக்குள் நின்றது.

கிளென் ஈடன் வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். என் நெஞ்சைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் காரைப் பார்த்தாள். காரில் யாரும் இல்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினாள். திரையை ஒதுக்கித் தெருவைப் பார்த்தாள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவள், என்னோடு இங்கிலீஷைத் தவிர வேறொன்றும் கதைக்காதவள், அன்றைக்குத் தமிழில் கதைத்தாள்.

"சேர்ட்டைக் கழட்டித் தாங்கோ அப்பா. கெதியா. ஆரும் வர முன்னம் நான் தோய்ச்சு விடுறன்."

அதற்குள் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"பிள்ளை, உது ஆட்டு ரத்தம்," என்றேன். "அவன் உயிரோடைதான் இருக்கிறான். விட்டிட்டு வந்திட்டன். வா, வீட்டை போவம்."

அவள் தொட்டியின் விளிம்பில் இருந்து அழத் தொடங்கினாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொலைகாரன் ஆகவில்லை என்று அழுதாளா, அவன் சாகவில்லை என்று அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம். அலுமாரியைத் திறந்து, அவளுடைய உடுப்புகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டுபோய்க் காரில் போட்டேன்.