வெயிலில் விழுந்த இடி

கெசாரேயின் மகள் பொசிபோரி செத்த அன்று கிசி மலைமேல் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

கொழுந்து நன்றாகத் துளிர்த்திருந்த வாரம் அது. தாயும் மகளும் விடிந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் நின்றார்கள். பொசிபோரிக்குப் பத்தொன்பது வயது. அடுத்த மாதம் தையல் படிக்க நகரத்துக்குப் போகப்போகிறவள். அதைப் பற்றியே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல், மலைமுகட்டுக்கு அப்பால் எங்கோ குமுறியது. பக்கத்துத் தோட்டத்திலிருந்த நியாபோக்கே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் கெசாரேக்கு மூத்த ஓரகத்தி, புருஷனை இழந்தவள். வரப்புத் தகராறில் இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் அன்று நின்று குரல் கொடுத்தாள்.

"ஏய் கெசாரே, இடி முழங்குறது காதுல விழலையா? புள்ளைய இழுத்துக்கிட்டு வீட்டுக்கு நட."

"வெயிலு மண்டையப் பொளக்குது, உனக்கு இடி பயமா? நாங்க போனதும் எங்க கொழுந்தப் பறிக்கப் பாக்குறியா?"

"எக்கேடு கெட்டும் போ!"

"பெரியம்மா சொல்றது சரிதானோ? போயிரலாமாம்மா?" என்றாள் பொசிபோரி.

"இந்த வரிசைய முடிச்சிட்டுப் போலாம்."

வரிசை முடியவில்லை. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் ஒன்று அடித்தது. கெசாரே நினைவு திரும்பி எழுந்தபோது காது அடைத்திருந்தது. மகள் செடிகள்மேல் குப்புறக் கிடந்தாள். மேலே வெயில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் கூடிவிட்டது.

"மேகமில்லாம இடி விழுமா? யாரோ ஏவி விட்டிருக்காங்க," என்றார்கள்.

புருஷன் மகோரி கெசாரேயின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அதுக்கு முன்னாடி யாரு என்ன சொன்னா?"

"அக்கா... வீட்டுக்குப் போகச் சொன்னா. எக்கேடு கெட்டும் போன்னா."

"கேட்டீங்களா! அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!" என்று ஊரைப் பார்த்துக் கத்தினான் மகோரி.

இடிச்சத்தம் மூவருக்கும் கேட்டது என்று கெசாரே சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். 

தீப்பந்தங்களோடு நியாபோக்கேயின் வீட்டுக்குப் போனார்கள். கூரை பற்றி எரிய, அவள் கட்டிய துணியோடு கெசாரேயின் வாசலைக் கடந்து ஓடினாள். "கெசாரே, நீயாவது சொல்லுடி! உன் காதுலயும்தானே விழுந்துச்சு!"

கெசாரே துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நியாபோக்கே திரும்பி வரவே இல்லை. பிறந்த ஊரிலும் அவளைச் சேர்க்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, மருந்து கொடுக்க வந்த நர்ஸ், ஊர்ப் பெண்களிடம் சொன்னாள்: "மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேகத்துல இருந்துகூட மின்னல் இங்க பாயும். இடி காதுல விழுந்தா வீட்டுக்குள்ள போயிருங்க." பெண்கள் சிரித்தார்கள். கெசாரே எழுந்து வெளியே போனாள்.

அன்று மகோரியிடம் சொன்னாள். "அன்னைக்கு எனக்கும் இடி கேட்டுச்சு. நான்தான் புள்ளைய நிக்க வச்சேன்."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "இத வெளிய சொல்லிராத," என்றான். "வீட்டக் கொளுத்துனது நாங்க."

மறுநாளும் கொழுந்து பறிக்கத்தான் வேண்டியிருந்தது. போனாள்.