பேய்க்கதைக்காரருக்கு ஒரு இரங்கல் கூட்டம்

லிந்துலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர் அவர். மிச்ச நேரத்தில் பேய்க்கதை எழுதினார். அதற்கென்றே ஒரு சிற்றிதழும் நடத்தினார். காசு கொடுத்து வாங்கியவர்களைவிட ஓசியில் வாசித்தவர்களே அதிகம். என் முதல் கதையை அதில்தான் போட்டார். போடுவதற்கு முன் ‘பேய்’ என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டார். “நீங்களே பேயின்னு சொல்லிட்டா வாசிக்கிறவனுக்கு என்னங்க வேல?” என்றார்.

அவருடைய ஒரு கதை இன்னும் என்னை விடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுகிறார். போன வாரம் புதைத்த பெண்ணின் பெயரையும் பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிடுகிறார். பின்னாலிருந்து “இருக்கேங்க” என்று பதில் வருகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டதென்று கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

ஆனால் மலையகத்தில் எழுத வந்தவன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தையும் சம்பளத்தையும்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் மேடைகளின் சட்டம். பேயை எழுதினால் பொழுதுபோக்குக்காரன். நானும் பேயைக் கைவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

அவருடைய கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் இரங்கல் கூட்டம். அந்தப் பெரட்டுக் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைப் போராளியாக்கினார்கள். அவர்களில் ஒருவர் அவரது ஒரு வரியைக்கூட வாசித்தவரில்லை. என் முறை வந்தது. முன்வரிசையில் பெரிய மனிதர்கள். நரம்பில்லாத நாக்கு புரண்டுவிட்டது. “உழைக்கும் மக்களின் குரல்” என்று நானும் முழங்கினேன். இரங்கல் கூட்டம் என்பதையும் மறந்து கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அதுதான் கேவலம்.

கூட்டம் கலைந்ததும் அவர் மனைவி என்னிடம் வந்தார்.

“தம்பி, அவரு பேய்க்கததானே எழுதுனாரு?”

“ஆமாங்க.”

“ஒருத்தருமே அத சொல்லலியே. நீங்களாச்சும் சொல்லுவீங்கன்னு கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தேன்.”

முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தால் மனிதனாகியிருப்பேன். அதை விட்டுவிட்டு, “மேடைக்குன்னு ஒரு மரியாத இருக்குங்களே” என்று இழுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்பவர்போலத்தான் கேட்டார்.

“அப்போ அவரு இத்தன காலமா எழுதுனது மரியாதக் கொறச்சலா, தம்பி?”