‘ம்’ கணக்கில் வராது

இன்று காலை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ அடி அண்ணாமலையிலிருந்து இருவர் வந்தார்கள்.

செல்வம் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். பாஷா மேலே கயிற்றைப் பிடித்தபடி நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார்.

“செல்வம்!”
“நல்லா இருக்கேன்!”

யாரும் கேட்காமலே நான் கைக்கடிகாரத்தில் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது முறை “ம்” என்று மட்டும் வந்தது. பாஷா உடனே கயிற்றை இழுத்தார். நான் பதறிக் குனிந்தேன்.

“கிட்ட வராதீங்க சார்!”

செல்வம் கோபமாக மேலே வந்தார். “வாயில பிரஷ்ஷ கவ்விட்டிருந்தேன்டா!”

“இருக்கட்டும். ‘ம்’ கணக்குல வராதுன்னு டிரெயினிங்ல சொன்னாங்கல்ல? மயங்குறவனும் ‘ம்’னுதான்டா சொல்லுவான்.”

கிளம்பும்போது பாஷா கேட்டார். “வீட்ல வேற யாரும் இல்லீங்களா?”

“பையன் பெங்களூர்ல. எழுந்துட்டேன்னு தெனம் மெசேஜ் போடறேன். கட்டைவிரல் போட்டுடறான்.”

பாஷா கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். “அதுவும் கணக்குல வராது சார்.”

நண்பர்களே, இப்படிக் கேட்பது சரியா என்று மூன்று முறை யோசித்துவிட்டேன். இந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் வேண்டாம். முடிந்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். நானும் ‘நல்லா இருக்கேன்’ என்று முழுதாகப் பதில் போடுகிறேன்.