கட்டை ஆணியில் இருக்கிறதா?

சித்தி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்று மதியம்தான் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். மடித்து வைத்த துணிகள், என் பள்ளிச் சான்றிதழ்களின் நகல்கள், காலியான ஒரு கண்ணாடிக் கூடு. அடியில் பதினொரு மரக்கட்டைகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். நுனியில் ஒரு துளை, நடுவில் காய்ச்சிய கம்பியால் சுட்ட எண். எல்லாவற்றிலும் மூன்று என்றே இருந்தது.

அவை எப்படி அங்கே வந்தன என்று எனக்குத் தெரியும். சித்தியின் கடைசி இரண்டு நாட்களில் என்ன நடந்தது என்றும் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் எழுதி வைக்கிறேன்.

சித்தி இருபத்திரண்டு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் கழிப்பறை கழுவினாள். யாராவது கேட்டால், "பாத்ரூம் பாக்குறேன்" என்பாள், ஏதோ குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. சண்டை எங்கள் ஊருக்குள் வந்தபோது அம்மாவை வழியிலேயே பறிகொடுத்துவிட்டு, நான்கு வயது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டியவள். வந்து சேர்ந்த இடத்தில் எங்களை ஒரு முகாமில் வைத்தார்கள். நீளமான தகரக் கொட்டகைகள். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் ஒரு துணித் திரைதான் சுவர். முகாமுக்குப் பின்னால் அரை மணி நடையில் தொழிற்சாலை. அதன் மூன்றாம் வரிசையில் நாற்பது தையல் இயந்திரங்கள். நாற்பதிலும் முகாம் பெண்கள்.

அந்த நாற்பது பேருக்கும் ஒரே ஒரு கட்டை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். திரும்பி வந்து கழிப்பறை வாசலில் இருந்த ஆணியில் மாட்ட வேண்டும். அது ஆணிக்கு வரும்வரை அடுத்தவள் எழுந்திருக்கக் கூடாது. உள்ளே ஆறு அறைகள் இருந்தன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பயன்பட்டது. கட்டை ஆணியில் இல்லாதபோது வெளிக்கதவைப் பூட்டக் கூடாது என்று கதவிலேயே பெயின்ட்டில் எழுதியிருந்தது. அந்தக் கட்டையைக் கவனிப்பதும், மாலை ஐந்து மணிக்கு இரும்புக் கதவைப் பூட்டுவதும் சித்தியின் வேலை. பெண்கள் அவளுக்குச் சாவி என்று பெயர் வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் பேசும்போதெல்லாம் மணிக்கட்டைப் பார்ப்பார். அவர் கடிகாரம்.

கட்டையைப் பற்றி நிறைய கிண்டல் உண்டு. "இதுக்கு வரிசையில நிக்கிறதுக்குள்ள நான் ஒரு புள்ளையே பெத்துடுவேன்" என்பாள் காலர் தைப்பவள். "பெத்தாலும் கட்டை எடுத்துட்டுதான் பெக்கணும்" என்பாள் பக்கத்தில் இருப்பவள். சிரித்துவிட்டு இருவரும் தண்ணீர் பாட்டிலை மூடி வைப்பார்கள். காலையிலிருந்து உதட்டை நனைப்பதோடு சரி. குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை. யார் எத்தனை நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று கழுவப் போகும் சித்திக்கு நிறத்திலேயே தெரிந்துவிடும். சில நாள் சிவப்பாகவும் பார்த்திருக்கிறாள்.

முகாமில் வேறொரு கணக்கு. தினமும் மாலை ஆறு மணிக்குப் பதிவேட்டுக்காரர் கொட்டகை வாசலில் நின்று எண்களை வாசிப்பார். "இருக்கேன்" என்று குரல் வராத எண்ணுக்கு அடுத்த வாரம் அரிசியும் மாவும் கிடையாது. அவர் தலை நிமிர்வதே இல்லை. அதனால் வராதவருக்கு அடுத்த திரைக்காரர் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒருத்தி தன் புருஷனுக்காகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆண் குரலில் "இருக்கேன்" என்றாள். அதே நேரம் அவனும் ஓடி வந்து "இருக்கேன்" என்றான். பதிவேட்டுக்காரர் நிமிராமலே, "ஒரு ஆள் போதும்மா" என்றார். கையில் ஒன்றும் இல்லாத நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள முடிந்த உபகாரம் அது ஒன்றுதான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அது நடந்தது.

எங்களுக்கு அடுத்த திரையில் இருந்தவளைப் பொத்தான் என்று கூப்பிடுவார்கள். பொத்தான் தைக்கும் இயந்திரம் அவளுடையது. இருபது வயது இருக்கும். பேருந்தில் ஒரு மணி தூரத்தில் அவளுடைய அண்ணன் இருந்தார். சில சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அப்படியே அங்கே போய்விட்டுத் திங்கட்கிழமை நேராக வேலைக்கு வருவாள். அந்தச் சனிக்கிழமை அவள் எண் வாசிக்கப்பட்டபோது கொட்டகையில் அவள் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துச் சித்தி குரலை மெல்லிசாக்கி "இருக்கேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் சொன்னாள்.

பொத்தான் கழிப்பறையின் கடைசி அறையில் இருந்தாள்.

அன்று மாலை அவளால் அடக்க முடியவில்லை. முன்னால் போனவள் வெளியே வந்து கட்டையை மாட்டியதும், எடுக்க நேரமில்லாமல் அப்படியே உள்ளே ஓடியிருக்கிறாள். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காத உடம்பு. உட்கார்ந்தவளுக்குக் கண் இருட்டிவிட்டது. ஐந்து மணிக்குச் சித்தி வந்து ஆணியைப் பார்த்தாள். கட்டை இருந்தது. கட்டை இருந்தால் உள்ளே ஆள் இல்லை. பூட்டிவிட்டாள். கழிப்பறை தொழிற்சாலையின் பின்பக்கம், ஜெனரேட்டர் சுவரை ஒட்டி இருந்தது. காவலாளி முன் வாசலில். ஞாயிறு விடுமுறை. அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவளைத் தேடியிருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் அவளுடைய கணக்கு சரியாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலை சித்தி கதவைத் திறந்தபோது பொத்தான் நின்றுகொண்டிருந்தாள். உதடு வெடித்து, முகம் வற்றிப் போயிருந்தது. ஆனால் பயந்தவளாகத் தெரியவில்லை. அதுதான் சித்தியை முதலில் நடுங்க வைத்தது.

"பக்கத்து ரூம்ல இருக்கவங்களையும் கூப்பிடுக்கா. அவங்கதான் இப்ப எந்திரின்னு சொன்னாங்க."

சித்தி அடுத்த அறையைத் திறந்தாள். யாரும் இல்லை. தரை காய்ந்திருந்தது. சனிக்கிழமை அவள் கவிழ்த்து வைத்த வாளி கவிழ்ந்தபடியே இருந்தது.

பொத்தான் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே சொன்னாள். வயதான பெண் குரல். நடுநடுவே இருமல். தன்னைப் போலவே இன்னொருத்தியும் மாட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தாளாம். யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா, குடித்தாயா என்று விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்ததாம் அந்தக் குரல். குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்ததாம்.

"கட்டை ஆணியில இருக்கான்னு கேட்டாங்க. நான் பாத்தேன்ல, இருக்குன்னேன். அப்ப தேட மாட்டாங்கன்னு சொன்னாங்கக்கா. சொல்லிட்டு இருமுனாங்க. அப்புறம்..."

அதற்குள் கடிகாரம் வந்துவிட்டார். அப்புறம் என்ன என்பதைச் சித்தி கேட்கவே முடியவில்லை.

கட்டை எடுக்காமல் உள்ளே போனது யார் தப்பு என்று அவர் கேட்டார். சித்தி சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வாக்கியம். நான்தான் பார்க்காமல் பூட்டினேன். நான்தான் முகாமில் அவளுக்காகக் குரல் கொடுத்தேன். முதலாவதைச் சொன்னால் வேலை போகும். இரண்டாவதைச் சொன்னால் கொட்டகை முழுவதற்கும் அரிசி போகும். வீட்டில் நான் இருந்தேன். சித்தி வாயைத் திறக்கவில்லை. பத்து மணிக்குள் பொத்தானைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே அவள் அண்ணனோடு போய்விட்டாள். பிறகு அவர்கள் கடல் தாண்டிப் போனதாகச் சொன்னார்கள். விடைபெற அவள் எங்கள் திரைக்கு வந்தபோது, தான் தூங்குவதாகச் சொல்லும்படி சித்தி என்னிடம் சொன்னாள். நான் சொன்னேன். திரைக்கு இந்தப் பக்கம் சித்தி கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள்.

அதற்கடுத்த வாரம் கட்டை காணாமல் போனது.

ஆணி வெறுமையாக இருந்தால் பூட்டக் கூடாது. விதி அப்படி. காவலாளி ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி போனார். இரவு முழுவதும் கதவு திறந்தே கிடந்தது. தச்சரிடம் சொல்லிப் புதுக் கட்டை செய்தார்கள். அதுவும் போனது. பெண்கள் சித்தியிடம் எதுவும் கேட்கவில்லை. "சாவிக்கு அடுப்பெரிக்க விறகு கிடைக்கலை போல" என்று ஒருத்தி சொன்னதோடு சரி. பத்தாவது கட்டை போனதும் கடிகாரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொண்ணு தொலைஞ்சா, அதோட சேர்ந்து நீயும் தொலைஞ்சுடும்மா."

அன்று வீட்டுக்கு வந்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வேலை போனால் கொஞ்ச நாள் கஷ்டமாக இருக்கும் என்றாள். நான் பரவாயில்லை என்றேன். மறுநாள் மாலை பதினொன்றாவது கட்டையை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

கடிகாரம் ஆணியைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லையென்று காட்டிவிட்டுத் தன் கையாலேயே பூட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சித்தி வெளியே நின்றாள். ஒவ்வொரு கதவாகத் திறக்கும் சத்தம் கேட்டது. ஐந்து கதவுகள். ஆறாவது கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து வெளியே வந்தவர் சித்தியின் முகத்தையே ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். அவள் உள்ளேதான் வந்தாளா, வெளியே நின்றாளா என்று சந்தேகப்படுகிறவர் போல.

"நீ இங்கேயேதான் நின்னியா?"

"ஆமா சார்."

சாவியை அவள் கையில் கொடுத்தார். "பூட்ட வேண்டாம். அப்படியே கிடக்கட்டும்."

மறுநாள் காலை ஆணியையே பிடுங்கிவிட்டார்கள். போக வேண்டியவள் எழுந்து போய்விட்டு வந்தாள். ஒரு சட்டையும் குறையவில்லை. பெண்கள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்கள். உள்ளே தன் காதில் என்ன விழுந்தது என்று கடிகாரம் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. பின்கட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

சித்திக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. வேலையை விடும்வரை தினமும் மாலை ஆறு கதவுகளையும் தட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். ஒரு நாளும் பதில் வந்ததில்லை. "எல்லாருக்கும் பேசுது, எனக்குப் பேச மாட்டேங்குது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். யாரோ ஒருத்தி அங்கே பூட்டப்பட்டுச் செத்திருக்க வேண்டும், அவளுக்குத் தன்மேல் கோபம் என்று நம்பினாள். 'தேட மாட்டாங்க' என்ற சொல் அவளுக்கு ஒரு சாபம். அதற்குப் பிறகு அந்தக் குரல் பொத்தானிடம் என்ன சொன்னது என்று தெரியாமல் சாகப் போகிறேனே என்பாள். முகாம் மூடி, நான் படித்து, வேலை கிடைத்து, இந்த மாடி அறைக்கு நாங்கள் வந்த பிறகும் அதையே சொன்னாள்.

போன மாதம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தாள். ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து யாரையோ கேட்டாள்.

"குழாயில தண்ணி வருதா? குடிச்சியா?"

என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துப் பதில் சொன்னேன். அவள் கையை உயர்த்தி என்னைப் பேசாதே என்றாள். சுவரில் காதை வைத்துக் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அறை இல்லை. வெறும் மாடி வெளிதான். அவள் தலையாட்டினாள், இருமினாள், மறுபடி கேட்டாள். யாரோ பேசி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொல்கிற நிதானம் அதில் இருந்தது. யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன்.

"பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு. பாவம், மாட்டிக்கிட்டா."

காய்ச்சல் பேசுகிறது என்றார் வந்து பார்த்த மருத்துவர். ஞாயிறு மத்தியானம் திடீரென்று படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அறைக் கதவைப் பார்த்துக் கைகூப்பி, "சார், பூட்டாதீங்க. உள்ள ஆள் இருக்கு" என்றாள். பிறகு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று கழிப்பறைக்குள் கடிகாரத்துக்குக் கேட்டது இந்தக் குரல்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

மாலையில் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"கட்டை ஆணியில இருக்கா?"

காத்திருந்தாள். முகம் சுருங்கியது.

"அப்ப தேட மாட்டாங்க."

நீண்ட இருமல். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். முப்பது வருடம் அவள் கேட்க ஏங்கிய மீதி அவளுடைய வாயிலிருந்தே வரப்போகிறது என்று தெரிந்து, குனிந்து கேட்டேன்.

"அழாதே. தப்பு உன்னோடது இல்ல, என்னோடது. பாக்காம பூட்டிட்டேன். திங்கக்கிழமை காலைல நானே வந்து திறப்பேன். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன், எங்கேயும் போகமாட்டேன். நீ பேசிட்டே இரு."

அதற்குப் பிறகு அவள் தூங்கவே இல்லை. சுவரோடு பேசிக்கொண்டே இருந்தாள். குரல் குறைந்து உதடு மட்டும் அசைந்தது. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, எங்கள் தெருவில் யாரும் எதையும் திறக்காத நேரத்தில், இரும்புக் கதவு ஒன்று கிரீச்சிட்டதை நானும் கேட்டேன். சித்தி சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"வந்துட்டேன். இப்ப எந்திரி."

கை சுவரிலிருந்து மெல்ல வழுக்கிக் கீழே விழுந்தது.

பதினொரு கட்டைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்திருக்கிறேன். எங்கள் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அதை மாலையிலேயே பிடுங்கிவிட்டேன். கதவைத் தாழிடவில்லை.